அண்ணை எனக்குப் பாடிய இரண்டாம் குரல்

சபையாருக்கு என் அன்பு. எனக்குப் பாட வரும், பேச வராது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதனால் எழுதி வைத்து வாசிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகை மாதம் எனக்கு எல்லாம் முடிந்துபோனது.

ரண்டர்ஸ் நகரில் எங்கள் குடும்பப் பாடற்குழுவை உங்களுக்குத் தெரியும். பெரியண்ணை மெட்டைப் பாடுவார். அண்ணி கீபோர்ட். நான் அண்ணைக்குக் கீழே, மெட்டோடு சேர்ந்து தாழ்ந்து பாடும் இரண்டாம் குரல். பதினாறு வயதிலிருந்து அதுதான். ஆனால் சோல் பாட்டு என்று ஒன்று இருக்கிறதே, நெஞ்சைத் திறந்து பாடுவது, அப்படிக் கர்த்தருக்குத் தனியாக ஓர் இசைத்தட்டு செய்ய ஆசைப்பட்டேன். அண்ணைக்குப் பாடியும் காட்டினேன்.

"இது ஜெபமே? பல்லுக்கொதிக்காரி வலி தாங்காமல் கத்துற மாதிரிக் கிடக்கு," என்றார் அண்ணை. "போறதெண்டால் போ. திரும்பி வராதை."

போனேன்.

ஓல்போர்க்கில் ஓர் ஒலிப்பதிவு அறையை மூன்று நாளுக்கு எடுத்தேன். இரண்டு நாளாக ஒரு பாட்டும் சரிவரவில்லை. இரண்டாவது வரியிலேயே என் குரல் மெட்டை விட்டுக் கீழே இறங்கிவிடும். எனக்கே தெரியாமல். துணைக்கு வந்திருந்த மகள் டெனிஷ் மொழியில் சொன்னாள்: "அம்மா, நீங்கள் இன்னும் மாமாவுக்கு இடம் விட்டுப் பாடுறீங்கள்."

கழிவறைக் கதவைப் பூட்டிவிட்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, ஒண்டில் அண்ணையின்ர மனதை மாற்றும். இல்லாட்டி இந்தக் குரலை எடுத்துப்போடும்." பதில் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் கதவு திறந்தது. அண்ணை! மகள் எனக்குச் சொல்லாமல் அழைத்திருக்கிறாள். பிராண்டேயில் வேலை முடித்து, தொழிற்சாலை உடுப்போடே கார் ஓடி வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாட்டு இப்பவும் எனக்குப் பிடிக்கேல்லை. கீழ்க்குரலை நான் பாடுறன். உனக்கு அங்க இடமில்லை. நீ மேல போ."

"அண்ணை, நீங்கள் கீழயோ?"

"கதையாமப் பாடு."

அடுத்த அறையிலிருந்து அவர் பாடியது என் ஹெட்போனில் கேட்டது. ஏளனம் செய்த பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். எனக்கு இறங்க இடமில்லை. மேலே போனேன். ஆறு பாட்டும் முடிந்தன. தன் குரலை அழித்துவிடும்படி ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவிட்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார்.

நான் கேட்டது நடக்கவில்லை, சகோதரங்களே. அண்ணை இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. இப்போதும் சபையில் அந்தப் பக்கத்து வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். இசைத்தட்டை வாங்கியவர்களும் கொஞ்சப் பேர்தான். என் யோசனைகளும் என்னை விடவில்லை. ஆனால் பாட எழும்பினால் இப்போது பயமில்லை. அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

கடைசிப் பாட்டில் நான் மூச்செடுக்கும் ஓர் இடம் உண்டு. ஹெட்போனிலிருந்து கசிந்த அண்ணையின் குரல் அதில் மெல்லிதாகப் பதிந்துவிட்டது. அதை அழிக்க முடியவில்லையாம். ஜெபித்தும் பதில் வரவில்லை என்று இருப்பவர்கள், வீட்டுக்குப் போய் அந்த இடத்தைக் கேளுங்கள். கர்த்தர் எனக்குத் தந்த பதில் அவ்வளவுதான்.

வேறொன்றும் வேண்டாம். எனக்கு அது காணும்.