விழும் சுவரும் இரண்டு ஆணியும்

விழுகிற சுவருக்குக் கீழே நின்று சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

சுவிஸில் ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய களஞ்சியம் ஒன்றில், ஊமைப்படக் காலத்துத் தந்திரங்களைச் செய்து காட்டும் சின்னக் காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கேதான் வேலை. வீட்டு முகப்பு மாதிரிச் செய்த முழு மரச்சுவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்மேல் சாயும். அதன் மேல்மாடி யன்னல் திறந்திருக்கும். அந்த ஓட்டை வந்து விழும் இடத்தில் நான் அசையாமல் நிற்பேன், சுவர் என்னைச் சுற்றி விழும். நிலத்தில் இரண்டு பித்தளை ஆணி அடித்திருக்கிறது. குதிக்கால்கள் அவற்றின் மேல் இருந்தால் ஆள் தப்பும். சனம் கைதட்டும்.

இதற்கு முன் பதினெட்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை. இங்கே முதல் நாள் கைதட்டல் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. இந்த வருடம் இந்தச் சுவர் வேலைக்கு ஒரு பொம்மை போட்டியாக வந்தது. உங்கள் வேலையைப் பறித்து உங்கள் கதிரையில் ஒரு மெசின் இருக்கப் பார்த்திருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

மணிக்கூட்டில் தொங்கிய அக்கா

எங்கள் கூரையில் ஒரு மணிக்கூட்டுச் சுவர் இருக்கிறது. வருகிறவர்கள் பெரிய முள்ளைப் பிடித்துத் தொங்கலாம். காலுக்கு ஒரு முழம் கீழே மெத்தை. கமராவைச் சரியான கோணத்தில் வைத்தால் மெத்தை தெரியாது, தெருவும் ஆறும் மட்டும் தெரியும். அந்தக் காலத்தில் இப்படித்தான் எடுத்தார்களாம்.

அட்லிஸ்வில் கோயிலில் முருகனைக் கும்பிட்ட கையோடு, பட்டுச்சேலையில் ஒரு அக்கா வந்தார். தொங்கினார். படத்தை அந்த இடத்திலேயே கனடாவில் இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பினார். அரை நிமிடத்தில் போன் அடித்தது. அந்தப் பக்கம் ஒரே குளறல். "மெத்தை இருக்கெண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "பொறுங்கோ அண்ணை, பன்ரண்டு வருசமா ஒரு கோல் எடுக்காதவள். கொஞ்சம் அழட்டும்."

சீனிப் போத்தல்

தலையில் உடைக்கிற போத்தல்கள் கண்ணாடி இல்லை, சீனிப்பாகு. காலையில் நான்தான் காய்ச்சி அச்சில் ஊற்றுவேன். ஒருநாள் பென்சன் எடுத்த சுவிஸ்காரர் ஒருவர் ஆசைப்பட்டார், அவர் தலையில் ஒன்றை உடைத்தேன். மனிதர் சிரிக்கவில்லை. குந்தியிருந்து ஒவ்வொரு துண்டாகக் கைலேஞ்சியில் பொறுக்கத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்களும் மரியாதையாகப் பொறுத்திருந்தார்கள். பொறுக்கி முடித்து, பச்சைப் போத்தல் போடுகிற தொட்டி எங்கே என்று கேட்டார். இந்த நாட்டில் குப்பையையும் இனம் பிரித்துத்தான் போட வேண்டும். இது சீனி என்றேன். ஒரு துண்டை நக்கிப் பார்த்தார், யோசித்தார். "அப்படியானால் சமையல் கழிவோடு போக வேண்டும். கேட்டது நல்லதாய்ப் போயிற்று."

பிந்திய ரயில்

கடுகதி ரயில் போகும்போது எங்கள் நிலம் நடுங்கும். அதனால் ரயில் நேரசூசியைப் பார்த்து, அது போன பிறகுதான் சுவரை விடுவோம். ரயில் நிமிடம் தவறாத இந்த நாட்டில் ஒருநாள் அது நாலு நிமிடம் பிந்தியது. நாலு நிமிடமும் ஆணிமேல் மூச்சுக்கூட விடாமல் நின்றேன். பிறகு சுவர் விழுந்தது, நான் தப்பினேன். முன்வரிசையில் இருந்த ஒரு சுவிஸ்கார அம்மா நெஞ்சில் கை வைத்தபடி எழும்பினார்: "சுவர் பரவாயில்லை. அந்த ரயிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

பொம்மை வந்த கிழமை

பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சுவரைச் சோதிக்க வருகிறார் என்று கடிதம் வந்தது. முதலாளி ஊர்ஸ் நல்ல மனிதர், ஆனால் முன்யோசனைக்காரர். ஆளை நிற்க விடமாட்டார்கள் என்று நினைத்து, துணிக்கடைப் பொம்மை ஒன்றை வாங்கி என் தொப்பியையும் அதற்குப் போட்டுவிட்டார். பொம்மை பாஸானால் நான் திரும்பவும் கோப்பைக்குத்தான் போக வேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நான் சுவருக்குக் கீழே நிற்பதை ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. அவள் சோற்றைப் போட்டபடி சொன்னாள்: "நல்லதாப் போச்சு. பொம்மைக்குப் பெண்சாதி இல்லைத்தானே."

ஒரு சாண்

அதிகாரி வருவதற்கு முதல் நாள் ஆயுதபூசை. விட மனம் வரவில்லை. சுவர், கயிறு, கமரா, பாகுச் சட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பொம்மைக்கும் நெற்றியில் ஒன்று வைத்தேன். எதிரியென்றாலும் கூட வேலை செய்கிற ஆள். ஆணிகளுக்கும் வைக்க வேண்டும், ஆனால் அவற்றை மறைக்கக் கூடாது என்று ஒரு சாண் முன்னால் நிலத்தில் வைத்தேன்.

அடுத்த நாள் ஊர்ஸ் தன் கையாலேயே பொம்மையை நிறுத்தினார். சிவப்பு அடையாளத்தைக் கண்டார், அதுதான் நிற்கிற இடம் என்று நினைத்து அதில் நிறுத்திவிட்டார். சுவர் விழுந்தது. பொம்மையின் தலை என் தொப்பியோடு உருண்டு அதிகாரியின் சப்பாத்தடியில் போய் நின்றது. என் வேலை போனால் போகட்டும், இப்போது கூடத்தையே பூட்டப் போகிறார்கள்.

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. பிழை சுவரில் இல்லை, என் பூசையில் என்றேன். தலையில்லாப் பொம்மைக்குத் தலைக்குப் பதிலாக, நிலம் கூட்டுகிற தும்புத்தடியைக் கட்டி, ஆணிமேல் நிறுத்தினேன். மூன்று தடவை விழுத்தினோம். தும்புத்தடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதிகாரி நெடுநேரம் எழுதினார். யன்னலை இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் பெருப்பிக்க வேண்டும். சிவப்பு அடையாளம் சரியாக ஆணிமேல், தினமும் புதிதாக, ஒரே ஆள் வைக்க வேண்டும். பொம்மை கூடாது. ஏன் என்று ஊர்ஸ் கேட்டார். அதிகாரி பேனையை மூடினார்: "குனிந்து தன் காலைப் பார்க்கத் தெரிந்தவர்தான் அங்கே நிற்கலாம்."

முன்வரிசை

அனுமதி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி வந்தாள். முன்வரிசையில் இருந்தவள் காட்சி தொடங்கமுன் எழும்பி, சனத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள். ஆணிகளில் நான் வைத்திருந்த பொட்டைக் குனிந்து பார்த்தாள். திருப்தியில்லை. பெருவிரலால் அழித்துவிட்டு, தன் கைப்பையில் இருந்த குங்குமத்தை எடுத்து இரண்டு ஆணியிலும் வைத்தாள். என் கால்களைப் பிடித்து அவளே அவற்றின் மேல் ஏற்றினாள். இதுவும் காட்சிதான் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. அவள் நிமிர்ந்து சொன்னாள்: "இதிலயே நில்லுங்கோ. அசைஞ்சியளெண்டால் வீட்டை வரத் தேவையில்லை."

அன்றிலிருந்து சுவர் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்குப் போய்விட்டது, அசைந்தால் வீட்டில் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் இருக்கிறது.