நீலத் துணி பின்வாங்கியபோது

என் மகள் கடலருகே பிறந்தவள். ஆயினும் கடலுக்கு அஞ்சினாள். கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது இத்தீவுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிக்கு நிகரான பாடம். பள்ளியில் சுனாமிப் பயிற்சி நடந்த நாளிலிருந்து அவள் மணலில் கால்வைக்க மறுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் நான் அழைப்பேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பற்றியபடி சாலையிலேயே நின்றுகொள்வாள்.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து ஒரு சிறுவர் நாடகக் குழு கப்பலேறி வந்தது. ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மண்டபத்தில் நாடகம். பாய் விரித்த தரையில் பிள்ளைகள். கை நீட்டினால் எட்டும் தொலைவில் நடிகர்கள். நீண்ட நீலத் துணியொன்றை இருவர் பிடித்து அசைக்க, அது கடலாயிற்று.

கதையின் நடுவே, கடல் விலகித் தன் செல்வத்தைக் காட்டும் காட்சி. துணி பின்வாங்கியது. சிறுமியாக நடித்த பெண், "ஐ, எவ்ளோ கிளிஞ்சல்!" என்று கூடையுடன் ஓடினாள். மற்ற ஊர்களில் இவ்விடத்தில் கைதட்டுவார்களாம். எங்கள் பிள்ளைகள் இந்தியும் தமிழும் கலந்து கத்தியபடி எழுந்துவிட்டனர்.

"அக்கா, பாகோ, பாகோ! ஓடுங்க!"

"ஊப்பர் ஜாவ், மேல போங்க! கிளிஞ்சல அப்புறம் பொறுக்கலாம்!"

பாதிப்பேர் பயிற்சியிற் கற்றவாறே வரிசையாக மாடிப்படி ஏறத் தொடங்கினர். என் மகள் ஏறவில்லை. நேரே ஓடி நடிகையின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"லூசாக்கா நீ? வா மேல!"

நடிகை ஒரு கணம் திகைத்தாள். பின்பு கூடையைப் போட்டுவிட்டு அவளுடன் ஓரமாகக் கிடந்த பெஞ்சின்மேல் ஏறினாள். துணிக்காரர்களும் கதையை மாற்றிக்கொண்டனர்: நீலம் சீறி வந்து, பெஞ்சின் காலைத் தொட்டுத் திரும்பியது.

"போயிடுச்சா? எறங்கலாமா?" என்றாள் நடிகை, கண்களை மூடியபடி.

"இரு. இன்னொரு அலை வரும்."

அதுவும் வந்து சென்றது. இறங்கலாம் என்று என் மகள் தலையசைத்த பின்னரே நாடகம் தொடர்ந்தது. முடிந்ததும், துணியின் ஒரு முனையைக் கேட்டு வாங்கி, தானே கடலை ஆட்டிப் பார்த்தாள். கை ஓயும்வரை விடவில்லை.

அடுத்த ஞாயிறு மணலில் இறங்கினாள். நின்று, திரும்பி, சாலைக்கு ஏறும் சரிவை நோக்கினாள்.

"அம்மா, ஓடணும்னா அந்தப் பக்கம். ஞாபகம் வெச்சுக்கோ."

வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் குந்தி அமர்ந்து கிளிஞ்சல் பொறுக்கத் தொடங்கினாள்.