டியூப் லைட் தக்காளி

பிள்ளைகளே, பென்சில் பாக்ஸுக்கும் சைக்கிளுக்கும் பொறாமைப்படுவது உங்கள் வயதோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒரு தக்காளிச் செடியின் மேல் பொறாமை வந்தது. அதுவும் மீசையில் நரை விழுந்த பிறகு.

அப்போது என் மகள் நான்காம் வகுப்பு. எங்கள் சர்ச்சில் வருடா வருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். காய்கறி, கேக், கோழி என்று அவரவர் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுபோய் ஆல்டர் பீடத்தின் முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். அறுப்பு என்று பெயர்தானே தவிர, எல்லோரும் முந்தின நாள் மார்க்கெட்டில் வாங்கியதுதான். அந்த வருடம் சண்டே ஸ்கூல் டீச்சர், "வாங்கிட்டு வரக்கூடாது, வளத்து எடுத்துட்டு வரணும்" என்று சொல்லி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிட்டிகை தக்காளி விதை கொடுத்துவிட்டார்.

என் மகள் அதை இரண்டு பங்காக்கினாள். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று நகரத்துக்கு வெளியே சந்தாபுராவில் இருக்கும் அவள் பெரியப்பாவுக்கு. என் மனைவியின் அக்கா கணவர் அவர், எனக்குச் சகலை. சொந்த வீடு, மேலே மொட்டை மாடி, நாள் முழுக்க வெயில். நாங்கள் இருப்பது நகரத்துக்குள் அல்சூரில், சந்துக்குள் ஒரு சந்தில், கீழ் வீட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும். பட்டப்பகலிலும் லைட் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும்.

அதனால் ஹாலில் டி.வி. மேஜை மேல் தயிர் டப்பாக்களை வைத்து, அவற்றில் விதை போட்டேன். சுவரில் உயரத்தில் இருந்த டியூப் லைட்தான் எங்கள் சூரியன். டப்பாவில் ஓட்டை போடவில்லை; தண்ணீர் ஒழுகினால் டி.வி. போய்விடும் என்று பயம். விதை முளைத்தது. மகள் குதித்தாள். நானும் குதித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் சகலை குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப ஆரம்பித்தார்.

அவருடைய நாற்றுகள் குட்டையாக, கரும்பச்சையாக, பிள்ளைகள் பி.டி. வகுப்பில் நிற்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நின்றன. எங்களுடையவை சேமியா மாதிரி. வெளுத்து, மெலிந்து, டியூப் லைட்டை எட்டிப் பிடிக்கப்போய் பாதியில் சாய்ந்து கிடந்தன. போட்டோவைப் பார்த்து மகள், "ஐயோ, பெரியப்பா செடி எவ்ளோ அழகா இருக்கு!" என்பாள். நான் கட்டைவிரல் படத்தை அழுத்தி அனுப்பிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வந்து எங்கள் செடிகளுக்கு ஊற்றுவேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் காலையில் ஒரு போட்டோ போட்டால் ஒரு தம்ளர். சாயந்திரம் இன்னொன்று போட்டால் இன்னொரு தம்ளர். அவர் தன் செருப்புக் காலைப் பக்கத்தில் வைத்து உயரம் காட்டி ஒரு போட்டோ போட்டார். அன்றைக்கு இரண்டு தம்ளர்.

அதோடு நிற்கவில்லை. ரோஜாச் செடிக்கு டீத்தூள் நல்லது என்று யாரோ சொன்ன ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு டீ, பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைத்த டீ. வடிகட்டியில் தங்கிய சக்கையை அப்படியே மண்மேல் கொட்டினேன். கொஞ்ச நாளில் மண்ணில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. சின்னக் கறுப்பு ஈக்கள் டி.வி. முன்னால் பறந்தன. ஒவ்வொரு நாற்றாகத் தண்டின் அடியில் கறுத்து மடங்கி விழுந்தது.

மகள் விழுந்த நாற்றுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அழவில்லை. "பரவால்லப்பா. நான் பண்டிகைக்குப் பெரியப்பா செடியையே தூக்கிட்டுப் போறேன்" என்றாள்.

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரியாணி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, டப்பாவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னா சகலை, அல்சூர் ஏரி பத்தலன்னு வீட்டுக்குள்ளயே ஒண்ணு கட்டிக்கினியா?"

என் மனைவி சிரித்தாள். மகளும் சிரித்தாள்.

"சும்னே தண்ணி ஊத்திக்கினே இருந்தா வேர் மூச்சு விட வேணாவா? மிச்சம் இருக்கறத குடு, நான் மாடியில வச்சுத் தேத்திக் குடுக்கறேன்."

மகள் அதற்குள் ஒரு பையை எடுத்து வந்துவிட்டாள்.

"வேணாண்ணா. நாங்களே பாத்துக்கறோம்" என்றேன்.

"ஏம்பா?" என்றாள் மகள்.

பையை வாங்கி மடித்து வைத்தேன்.

அவர் போன பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மேஜையின் கோடியில் டி.வி.க்குப் பின்னால் இருந்த ஒரு டப்பாவுக்கு என் தம்ளர் சரியாக எட்டாது. அதில் மட்டும் மூன்று நாற்று உயிரோடு இருந்தது. சகலை சொன்னது சரி. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சிவாஜிநகரில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை எனக்கு. மறுநாள் கடையிலிருந்து கட்டுக்கம்பி கொண்டு வந்து, டியூப் லைட்டைச் சுவரிலிருந்து கழற்றி, செடிக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டேன். ஆணியைச் சுட்டு டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டேன். தண்ணீர் வடிய அடியில் பழைய எவர்சில்வர் தட்டு. புது மண்ணில் தேங்காய் நார்த்தூள் கலந்து, மூன்று நாற்றையும் இலை வரைக்கும் ஆழமாகப் புதைத்தேன். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அதிலேயே வேர் விடும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். தண்டு பலப்பட டேபிள் ஃபேனை மெதுவாக ஓடவிட்டேன். எங்களுக்குக் காற்று இல்லை, செடிக்கு இருந்தது. "இனிமே நாமளும் தொட்டியில உக்காந்துக்கலாம்" என்றாள் மனைவி.

போட்டோ வந்தால் இப்போதும் கை தம்ளரைத்தான் தேடும். முதலில் விரலை மண்ணில் விடுவேன். ஈரம் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவேன். செடிகள் மெல்லத் தேறின. புது இலை பச்சையாகவே வந்தது. வளர வளர ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றினேன்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ வருவது நின்றுபோனது. சந்தாபுராவில் மாடித் தொட்டியெல்லாம் தண்ணீர் தேங்கி, செடிகள் அழுகிவிட்டதாம். மனைவி சொன்னதும் "அடடா" என்றேன். உள்ளுக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. பிள்ளைகளே, அது நிஜம், அதனால் எழுதுகிறேன்.

மிஞ்சிய ஒரே ஒரு செடியை பெயிண்ட் வாளியில் வைத்து, பஸ்ஸில் மடியில் சுமந்துகொண்டு சகலை வந்தார். சட்டையெல்லாம் சேறு. "சகலை, உன் லைட்டு கீழ கொஞ்சம் எடம் குடுப்பா" என்றார். ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி இருப்பது? ஆனால் என்ன நடந்தது தெரியுமா? என் லைட், என் ஃபேன், என் மேஜை. அவர் செடி என் செடிகளை விட வேகமாக வளர்ந்தது. முதலில் பூத்ததும் அதுதான். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அதைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளி, என் செடியை லைட்டின் நடுவில் வைப்பேன். சாயந்திரம் வந்தால் மகள் அதை மறுபடி நடுவுக்கு நகர்த்தியிருப்பாள்.

"அது வந்த செடிப்பா. விருந்தாளி" என்றாள்.

வீட்டுக்குள் தேனீ வராது என்பதால் பூக்களை விரலால் மெல்லத் தட்டிவிடுவதும் அவள்தான். எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி தட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், குறை சொல்ல முடியவில்லை.

பண்டிகை வந்தது. அவர் செடியில் சிவந்த பழங்கள் கொத்தாகத் தொங்கின. என் மூன்றில் ஒன்றில் மட்டும் ஒரே ஒரு காய். அதுவும் பச்சை. நான் அந்தத் தொட்டியைத் துடைத்து, வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர் பழம் கேப்பாங்கப்பா" என்றாள், ரொம்ப மெதுவாக.

அவளைக் கோபித்துக்கொள்ள முடியுமா? ஆனால் என் செடியை வீட்டில் விட்டுவிட்டு வரவும் மனம் வரவில்லை. சர்ச்சில் பிள்ளைகள் வரிசையாக ஆல்டருக்குப் போனபோது, கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் நானும் என் தொட்டியோடு போனேன். முன்னால் போன குட்டிப் பையன் திரும்பி, "அங்கிள், நீங்க எந்த கிளாஸ்?" என்றான். பண்டிகைக்கு வந்திருந்த சகலையின் தோள்கள் பெஞ்சில் குலுங்குவது தெரிந்தது.

ஏலத்தில் மகளின் செடிக்குப் பெரிய போட்டி. அடுத்து என்னுடையதைத் தூக்கிக் காட்டினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. என் காது சூடாகிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. சகலை. கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் செடிக்கு நானே கூட்டிக் கேட்டேன். அவர் இன்னும் கூட்டினார். நான் இன்னும். மகள் என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, உங்க செடிய உங்களுக்கே வாங்கறீங்களா? விடுங்கப்பா, பெரியப்பாவுக்கு ஆசையா இருக்கு போல."

விட்டேன். தொட்டி சந்தாபுராவுக்குப் போனது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் போட்டோ வந்தது. மொட்டை மாடி. என் செடி. அந்த ஒரே காய் சிவந்து பழுத்து, பக்கத்தில் புதிதாக ஒரு கொத்துப் பூ. ஓரத்தில் அவருடைய செருப்புக் கால்.

கட்டைவிரலை அழுத்தினேன். எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டு செடியிடம் வந்தேன். மண்ணில் விரலை விட்டேன். ஈரமாக இருந்தது.

தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.