பட்டறைக்குப் போன தூண்டில்

தொண்ணூத்தஞ்சோ தொண்ணூத்தாறோ இருக்கும். அப்ப நாங்க கோயமுத்தூர் கணபதியில குடியிருந்தோம். எங்கூட்டுக்காரரும் அவரோட தம்பியும் சேர்ந்து, வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டுப் புடிச்சு, இரும்பு கடையறதுக்கு ஆளுக்கொரு லேத்து மெஷின்னு போட்டுப் பட்டறை நடத்திட்டு இருந்தாங்க. எனக்கு பம்புசெட் கம்பெனியில மோட்டாருக்குக் காயில் சுத்தற வேலை. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் செம்புக் கம்பியும் நானுந்தான்.

அந்த வருசம் ஆடி மாசம் அவருக்குக் கையில அடிபட்டுப்போச்சு. ஓடிக்கிட்டிருந்த லேத்தை வேஸ்ட்டுத் துணியை வெச்சுத் தொடைச்சிருக்காரு. தம்பிக்கு "ஓடறப்பக் கையை வெக்காதே"ன்னு ஓயாம சொல்லிட்டிருந்த மனுசனே அப்படிச் செஞ்சுபோட்டாரு. துணி சுத்திக்கிட்டு வலது கையையும் சேர்த்து இழுத்துருச்சு. ஆள்காட்டி விரல் போச்சு, நடுவிரல்ல பாதி போச்சு. மிச்சக் கை தப்பிச்சதே பெருசுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.

புண்ணு ஆறிருச்சு. ஆனா அவரு பட்டறைப் பக்கமே போகலை. கை மரத்துப்போகாம இருக்க ரப்பர் பந்து அமுக்கச் சொன்னாங்க. அந்தப் பந்து வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில வாழைக்கு அடியில கெடந்துச்சு. குளிக்கறது, சாப்பிடறது, பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு ஒரே பக்கத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுன்னு நாள் போச்சு. நானும் சும்மா இருக்கலை. நயமாச் சொன்னேன், அழுது சொன்னேன், ஒரு நாள் கத்தியும் போட்டேன். எதுக்கும் அசையலை.

பொறவு ஒரு நாள், "என்ற லேத்தை வித்துப்போடு"ன்னு தம்பிகிட்டச் சொல்லிட்டாரு. கருமத்தம்பட்டியில தறிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்யறவர் ஒருத்தர் வந்து பாத்தாரு. அவருக்குப் புடிச்சுப்போச்சு. கார்த்திகை முடியறதுக்குள்ள வண்டியோட வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு. லேத்து போனாக்கூட இன்னொண்ணு வாங்கிக்கலாம். இந்த மனுசன் லேத்துக்காரரா இல்லாமப் போயிட்டா அப்பறம் என்னவா இருப்பாரு? அதுதான் என்னோட பயம்.

கார்த்திகை பொறந்ததும் உடுமலைப்பேட்டையில ஒறம்பரைச் சொந்தக்காரங்க ஊட்டுல காதுகுத்து வந்துச்சு. வர மாட்டேன்னவரைப் புடிச்சு இழுக்காத கொறையாக் கூட்டிட்டுப் போனேன். சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் வேன்ல அமராவதி டேமுக்குக் கிளம்பினாங்க. அங்க தண்ணியோரமா ஒருத்தர் நின்னு மீன் புடிச்சிட்டிருந்தாரு. மூங்கில் குச்சித் தூண்டில் இல்லைங்க, ரீல் வெச்ச தூண்டில். கரண்டி மாதிரி பளபளன்னு ஒரு தகட்டைக் கட்டி வீசுறாரு, அது எங்கியோ போய் விழுகுது, இவரு கரையில நின்னு ஹேண்டிலைச் சுத்தச் சுத்த அந்தத் தகடு மீன் நீந்தற மாதிரியே நெளிஞ்சுக்கிட்டு வருது. விராலு மீன் அதைத் தொரத்திட்டு வந்து கவ்வுமாம்.

எங்கூட்டுக்காரர் முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா மூங்கில் குச்சியும் மண்புழுவுமா கொளத்துக்குப் போறவரு. அடிபட்டதுக்கு அப்பறம் அதையும் விட்டுட்டாரு. அன்னைக்கு அந்த ரீலையே பாத்துட்டு நின்னாரு. கிட்டப் போயி, "ஏனுங்க, உள்ள பல்லுச்சக்கரம் எத்தனைங்க?"ன்னு கேட்டாரு. அந்த ஆளுக்குத் தெரியலை. இவரு குனிஞ்சு பாத்துட்டு இப்படி இருக்கும், அப்படி இருக்கும்னு அவருக்கே வெளக்கம் சொல்றாரு! நாலு மாசத்துல அவரு வாயில இருந்து அவ்வளவு பேச்சு வந்து நான் கேக்கலை. திரும்பி வர்ற வழியெல்லாம் ஜன்னலைப் பாத்துட்டுத்தான் வந்தாரு, ஆனா எனக்கு ஒரு வழி தெரிஞ்சுபோச்சு.

அடுத்த லீவு நாள்ல உக்கடத்துக்குப் போனேன். வலை, நைலான் கயிறு, தூண்டில் முள்ளெல்லாம் விக்கற ஒரு கடை. ரீலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. கடைக்காரத் தம்பிகிட்ட, "ஏனுங்க தம்பி, புதுசாப் பழகறவங்களுக்கு, வெலை கொறைச்சலா, நல்லதாக் குடுங்க"ன்னேன். அவரு சிரிச்சுட்டு, "எனக்கும் சரியாத் தெரியாதுங்கக்கா. நாங்க வலை யாவாரம். இது பாம்பேல இருந்து சரக்கோட வந்துச்சு, எடுத்து வெச்சிருக்கேன்"னாரு. அட கெரகமே, சரியான ஆளுகிட்ட வந்து மாட்டினேன்னு நெனச்சுக்கிட்டேன்.

ரெண்டே ரெண்டு ரீல் இருந்துச்சு. ஒண்ணு வெள்ளிக் கணக்கா மின்னுச்சு, பெருசு, நல்ல கனம். இன்னொண்ணு கருப்பு, சின்னது, பாக்கறதுக்குச் சவலைப் பிள்ளை மாதிரி இருந்துச்சு. மின்னினதோட வெலையைக் கேட்டதும் கீழ வெச்சுட்டேன். ஆனாலும் மனசு கேக்கலை. ரெண்டுலயும் கொஞ்சம் தூண்டில் நரம்பு, அதான் அந்த நைலான் இழை, சுத்திப் பாக்கலாமான்னு கேட்டேன். நமக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதானே! மின்னினதுல நரம்பு ஒரே பக்கமா மேடு தட்டுச்சு. நான் காயிலை அப்படிச் சுத்தினா சூப்பர்வைசர் மூஞ்சியிலயே வீசுவாரு. கருப்பு ரீல்ல சீரா, வரிவரியா படிஞ்சுது. சுத்தறப்ப நரநரங்கவும் இல்லை. அப்ப இதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

குச்சியிலயும் ரெண்டு வகை வெச்சிருந்தாரு. ஒண்ணு ரேடியோ ஏரியல் மாதிரி இழுத்து நீட்டறது. நீட்டி ஆட்டினா மூட்டுக்கு மூட்டு லொடலொடங்குது, வேண்டாம்னுட்டேன். இன்னொண்ணு ரெண்டு துண்டா இருக்கும், நடுவுல சொருகிக்கணும். பைபர் குச்சி. நுனியைத் தரையில ஊனி அமுக்குனா நல்லா வளைஞ்சு, விட்டதும் நிமுந்துச்சு. நரம்பு போற வளையத்துல எல்லாம் என் முந்தானை நூல் ஒண்ணை விட்டு இழுத்துப் பாத்தேன். மூணாவது வளையத்துல நூல் சிக்குச்சு. உள்ள பிசிறு இருந்தா நரம்பை அறுத்துரும்னு சொல்லி வேற குச்சி எடுக்கச் சொன்னேன். "அக்கா, நீங்களே கடையில உக்காந்துக்கோங்க"ன்னு அந்தத் தம்பி கும்புட்டாரு.

வீசிப் பாக்காம வாங்கக் கூடாதுன்னு அந்தக் கடைக்காரத் தம்பிக்கு ஒரு நெனப்பு. நரம்பு முனையில கடைப் பூட்டைக் கட்டி, ரோட்டுல எறங்கி வீசினாரு. அது எதித்த டீக்கடைத் தகரத்து மேல போய் டமார்னு விழுந்துச்சு. டீக்கடைக்காரர் வெளிய வந்து வஞ்ச வசவை இங்க எழுத முடியாது.

இதுல ஒண்ணை நான் ரொம்பப் பெருமையாக் கவனிச்சிருந்தேன். ரீலோட ஹேண்டில் இடது பக்கம் இருந்துச்சு. வலது கையில அடிபட்டவருக்கு இடது கையால சுத்தற ரீல், இதைவிடப் பொருத்தமா வேற என்ன வேணும்னு பூரிச்சுப்போயி வாங்கிட்டு வந்தேன். பஸ்ல கண்டக்டர், "என்னங்கக்கா, டிவி ஏரியலா?"ன்னாரு. "ஆமாங்க, உங்க பஸ்ல படம் தெரியுதான்னு பாக்கறேன்"னேன். அவ்வளவு சந்தோசத்துல இருந்தேன்.

வீட்டுல கொண்டாந்து அவரு மடியில வெச்சேன். குச்சியைச் சொருகி ரீலை மாட்டினாரு. எந்திரிச்சு நின்னு வலது கையால குச்சியைப் புடிச்சாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இடது கையால சுத்தணும்னா குச்சியை வலது கையிலதானே புடிக்கணும்! அதுவும் வீசறப்ப நரம்பை ஆள்காட்டி விரல்ல கொக்கி போட்டு நிறுத்தி வெச்சு, கரெக்டான நேரத்துல விடணும். அந்த விரல்தான் அவருக்கு இல்லையே. குச்சி கையில நிக்காம சரிஞ்சுது. அவரு திருப்பிப் போட்டு, குச்சியை இடது கைக்கு மாத்தி, வலது கையால தலைகீழா அந்த ஹேண்டிலைப் புடிக்கப் பாத்தாரு. அதோட நுனியில புடிச்சுச் சுத்தறதுக்குக் குமிழ் மாதிரி இருந்த நாப் நெலக்கடலை அளவுதான். மிச்சமிருந்த விரலுக்கு அது சிக்கலை, நழுவி நழுவிப் போச்சு.

"கையில்லாதவனுக்கு எதுக்கு அம்மணி இதெல்லாம்?"னாரு. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. மெதுவாத்தான் சொன்னாரு.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அவரு மேலயா, என் மேலயா, அந்தக் கடைக்காரர் மேலயான்னு தெரியலை. "நாளைக்கே கொண்டுபோயித் திருப்பிக் குடுத்துட்டு வாரேன், நீங்க பேப்பரைப் படிச்சுட்டே உக்காந்திருங்க"ன்னு சொல்லிட்டு சமையலறைக்குப் போயிட்டேன். வெங்காயம் அரியற சாக்குல நல்லா அழுதேன்.

மறுநாள் காலையில இட்லி ஊத்தி வெச்சுட்டுக் கூப்பிட்டா ஆளைக் காணோம். ரீலையும் காணோம். குச்சி மட்டும் மூலையில சாத்தியிருந்துச்சு. சாக்கடையில எங்காச்சும் வீசியிருப்பாருன்னு தெருவெல்லாம் எட்டிப் பாத்துட்டே போனேன். ரெண்டாவது தெரு திரும்பறப்ப லேத்துச் சத்தம் கேட்டுச்சு. பட்டறையில ரெண்டு லேத்துக்கும் தனித்தனிச் சத்தம். கொழுந்தனோடது தடதடன்னு இருக்கும். அவரோடதுக்கு ஒரு இழுவை இருக்கும், மாவு மில்லு தூரத்துல ஓடற மாதிரி. நாலு மாசமாக் கேக்காத அந்த இழுவைச் சத்தந்தான் கேட்டுச்சு.

ஷெட்டு வாசல்ல கொழுந்தன் நின்னுட்டிருந்தாரு. உள்ள போகாம, பல்லு வெளக்கற பிரஷை வாயிலயே வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தாரு. என்னைப் பாத்ததும் பேசாதீங்கன்னு கையைக் காட்டினாரு. எட்டிப் பாத்தேன். ரீல் மேசை மேல இருந்துச்சு. ஹேண்டில் வலது பக்கத்துக்கு வந்திருந்துச்சு. அந்தப் பக்கம் இருந்த ஒரு மூடியைக் கழட்டினா ஹேண்டிலை மாத்திக்கலாம்ங்கறது எனக்கும் தெரியலை, வித்தவருக்கும் தெரியலை. அவரு ராத்திரியே கழட்டிப் பாத்திருக்காரு. மிச்சம் இருந்தது அந்த நெலக்கடலை நாப்தான். வெள்ளை நைலான் துண்டு ஒண்ணை லேத்துல மாட்டி, கொய்யாக்கா அளவுக்கு ஒரு நாப் கடைஞ்சுட்டிருந்தாரு. கொஞ்சம் கடையறதும், நிறுத்தறதும், கையில வெச்சு அமுக்கிப் பாக்கறதும், மறுபடி கடையறதுமா இருந்தாரு. தொடைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் லேத்தை நிறுத்தினாரு. அதையும் பாத்தேன்.

இட்லி ஆறுதுன்னு கூப்பிடத்தான் போனேன். கூப்பிடாம வந்துட்டேன். கம்பெனிக்கு லேட்டாப் போயி வசவு வாங்கினேன், அது வேற.

அந்த நாப்பை மாட்டினதும் அவரு கைக்கு அது கன கச்சிதமா நின்னுச்சு. அதோட விடலை. தம்பிக்கு வந்திருந்த ஆர்டர்ல ரெண்டு உருப்படி கடைஞ்சு குடுத்தாரு. பொறவு கூட ரெண்டு. கார்த்திகை முடியற வாரம் கருமத்தம்பட்டிக்காரர் சொன்ன மாதிரியே வண்டியோட வந்து நின்னாரு. இவரு கையைத் தொடைச்சுக்கிட்டே வெளிய வந்து, "ஏனுங்க, மன்னிச்சுக்கோங்க. லேத்து விக்கறதுக்கில்லீங்க. வந்தது வந்தீங்க, டீ குடிச்சுட்டுப் போங்க"ன்னாரு. அந்த மனுசனும் பெரிய மனசுக்காரர். கோவிச்சுக்காம டீ குடிச்சுட்டு, தறிக்கு வேணுங்கற பார்ட்ஸ் சிலதை இங்கியே கடையக் குடுத்துட்டுப் போனாரு.

மீனு புடிச்சாரான்னு கேப்பீங்க. மொத நாள் வீசினது பின்னாடி நின்ன என் சேலையிலதான் மாட்டுச்சு. ரெண்டாவது நாள் ஒரு ஜிலேபிக் கெண்டை, உள்ளங்கை அகலம். விராலு மாட்ட ரொம்ப நாளாச்சு. அது மாட்டின அன்னைக்குத் தெருவே வந்து பாத்துச்சு.

கைக்குக் கச்சிதமாப் பொருந்தற ரீலை அன்னைக்கு நான் தேடிப் புடிச்சு வாங்கிட்டு வந்திருந்தா, அவரு கொளத்துக்குப் போயிருப்பாரு. பட்டறைக்குப் போயிருக்க மாட்டாரு. அதனாலதான் இன்னைக்கும் யாருக்காச்சும் ஒத்தாசை செய்யப் போனா, எல்லாத்தையும் நானே முடிச்சுக் குடுத்தறாம, அவங்க கை வெக்கறதுக்குன்னு ஒரு வேலையை மிச்சம் விட்டுட்டுத்தான் வாரேன்.