படையல் சோறும் குயில் குஞ்சும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால், சரியாகப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாமென்றால் நாலு பேர் நடுவே எனக்குப் பேச்சு வராது.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு மாமியார் வீட்டுக்குப் பள்ளத்தூர் போயிருந்தோம். காலமான மாமனாருக்குப் படையல். காக்கை வந்து சோற்றில் வாய் வைக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. நானோ, சமையல் முடிந்தது என்று காதில் விழுந்ததுமே சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டேன்.

மைத்துனன் ஓர் இலைத்துண்டில் சோறும் வடையும் வைத்து மதில்மேல் கொண்டுபோய் வைத்தான். "கா, கா" என்று கூப்பிட்டான். ஒன்றும் வரவில்லை. முன்பெல்லாம் கூப்பிடுவதற்குள் மதில் கறுத்துவிடும். இப்போது அந்தத் தெருவில் மரத்துக்கு மரம் குயில்தான். அது இட்டுவிட்டுப் போன முட்டையைக் காக்கை அடைகாத்துக் குஞ்சையும் வளர்க்கிறது. தன் குஞ்சு தேறுவதில்லை. காக்கைக் கூடு போதாமல் குயில் இப்போது மைனாக் கூட்டுக்கும் வந்துவிட்டது. தன்னைவிடப் பெரிய குஞ்சுக்கு ஒரு மைனா எக்கி எக்கிப் புழு ஊட்டியதை அங்கேதான் பார்த்தேன். விடிந்தால் காதை அடைக்கிற மைனாச் சத்தமும் அடங்கிவிட்டது.

மாத்திரை போட்டும் சாப்பிடாததால் எனக்குச் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. மாமியாரிடம் பசிக்கிறது என்று சொல்லக் கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தைரியம் வந்ததில்லை.

"என்ன மாப்பிள்ளை, இப்படி வேர்த்து வடியுறீக?" என்றார் மாமியார்.

"வெயிலு" என்றேன். உட்கார்ந்திருந்தது நிழலில்.

கடைசியில் ஒரு காக்கை வந்தது. பின்னாலேயே உடம்பெல்லாம் புள்ளி விழுந்த ஒரு குஞ்சு வந்து வாயைப் பிளந்து கத்தியது. காக்கை சோற்றை எடுத்துத் தான் தின்னாமல் அதன் வாயில் திணித்தது. வடையும் அந்த வழியே போனது.

"அது குயில் குஞ்சு, ஆத்தா. காக்கா ஒரு பருக்கை திங்கலை. இது செல்லாது" என்றான் மைத்துனன். எனக்குக் கண் இருட்டியது.

மாமியார் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுகளேதான்டா. பெத்த புள்ளைகளுக்கு ஒரு முறுக்கு வாங்கியாந்திருப்பாகளா? தெருவுல நிக்கிற புள்ளைக்கெல்லாம் குடுத்துட்டு வெறுங்கையோடதானே வருவாக. செத்தும் புத்தி மாறலை. இலையைப் போடு. மாப்பிள்ளையைப் பாரு, அவுகளும் அங்குட்டே போயிருவாக போலருக்கு."

அன்று இரண்டு தம்ளர் பாயசம் குடித்தேன். யாரும் தடுக்கவில்லை.

இந்த வருஷம் வாசல் வேப்பமரத்தில் காக்கைக் கூடே இல்லை. குயில் மட்டும் கூவுகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டு மைத்துனனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாத்திரை இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஒரு வருஷமாக எழுத நினைத்ததை எழுத நேரம் கிடைத்ததும் இதனால்தான். இலை மதில்மேல் வைத்தபடியே இருக்கிறது.

பள்ளத்தூர்,
ஆடி அமாவாசை, மத்தியானம்.