பத்தாயிரத்தேழு வெற்றிலை

அக்கா மாப்பிள்ளையின் தாய்மாமனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கீழக்குயில்குடியிலிருந்து கோச்சடையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வெற்றிலை கொண்டுவருவது அவர் பொறுப்பு. நூறு கவுளி, அதாவது பத்தாயிரம் வெற்றிலை; மேலே ஒன்று.

"பத்தாயிரத்தொண்ணு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, எதுல வகுத்தாலும் மிச்சம் நிக்கும். வகுபடாத எண்ணுல தாம்பூலம் மாத்துனாத்தான் புருசன் பொண்டாட்டி பிரிய மாட்டாக" என்றார்.

நான் பசுமலைக் கல்லூரிக்கு நடந்துபோய்க் கணக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எழுபத்து மூணால வகுபடும் மாமா. ஈவு நூத்து முப்பத்தேழு" என்று சொல்லித் தொலைத்தேன்.

காகிதம் வாங்கிப் பெருக்கிப் பார்த்தார். காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். "வகுபடாத எண்ணு கெடைக்கட்டும். அப்புறமா நிச்சயத்தை வச்சுக்கிருவோம்."

அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை; பேச்சையே நிறுத்திவிட்டாள். அம்மாதான் திட்டினாள். "படிச்சுக் கிழிச்சதெல்லாம் போதும். நீயே ஒரு எண்ணைத் தேடிக் குடுத்துட்டு வா."

நூறுக்குள் இருபத்தைந்து பகா எண்கள். இந்த அளவு எண்ணை அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்; ஒன்றிலும் விழாவிட்டால் தேறிவிட்டது. பத்தாயிரத்து மூன்று ஏழிலேயே விழுந்தது. பத்தாயிரத்தேழு தொண்ணூற்றேழு வரைக்கும் தாக்குப்பிடித்தது. வெயிலில் கீழக்குயில்குடிக்கு நடந்துபோய்க் கொடுத்தேன். மனுஷன் எல்லா வகுத்தலையும் தன் கண்ணெதிரே மறுபடி போடவைத்தார். கடைசியில், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. தாம்பூலம் மாற்றியதும் வெற்றிலையை இரண்டு வீட்டுக்கும் சரிபாதியாகப் பிரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வகுபடாத எண் கேட்ட மகானுக்கு அது ஞாபகமே இல்லை. எனக்கும்தான் இல்லை. பிரித்து முடித்தபோது ஒற்றை வெற்றிலை அவர் கையில் நின்றது.

"இது எந்த வீட்டுக்கு?" என்று என்னை முறைத்தார். அவர்கள் பக்கத்தில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் என்றார். எங்கள் சித்தப்பா, அதெப்படி என்று எழுந்தார். இரண்டு பக்கமும் குரல் ஏறியது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். மாமன் கையிலிருந்த வெற்றிலையை வாங்கினாள், சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டாள். "இப்பச் சரியாப் போச்சுல்ல மாமா?" சபை சிரித்துவிட்டது. உள்ளே போகிறவள் என் பக்கம் குனிந்து, "இனிமே எண்ணைப் பத்தி வாயைத் திறந்தே, தொலைச்சுப்புருவேன்" என்றாள். வாரம் பூராவும் பேசாதவள் பேசியதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சும்மா இருக்கமுடியாமல் வகுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு ஐயாயிரத்து மூன்று. அதுவும் எதாலும் வகுபடாத எண். இப்போது அக்கா பேரன் எடுத்துவிட்டாள். இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை.