எட்டைப் பத்தாக்கியவர்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுகிறவரைப் பத்துக்காரர் என்றே கூப்பிடுவோம். நான் அங்கே வார்டு கூட்டித் துடைக்கிறவள். நிமிடத்துக்கு எட்டு லிட்டர் என்று நர்ஸ் சொன்னால், அவர் பத்து என்று வைத்துக்கொள்வார். சிலிண்டரில் எழுநூற்றைம்பது லிட்டர் இருந்தால் எழுநூறு என்பார். செலவைக் கூட்டி, இருப்பைக் குறைத்து, "எழுபது நிமிஷம்தான் வரும்" என்று முடிப்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அவருடைய அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில், ஐம்பது நிமிடத்துக்கு இருந்ததை "ஒரு மணி நேரம் வரும்" என்று சொன்னவர் அவரேதான். வழியிலேயே தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு அவர் எதையும் தாராளமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன மாதம் தையல்கார அம்மா ஒருவரை அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் இருக்கும் மகள் கிளம்பிவிட்டாள்; வந்து சேர மூன்று நாள் ஆகும். துணைக்கு நானும் வண்டியில் ஏறினேன். பத்துக்காரர் இரண்டாவது சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு வந்து, தானும் ஏறினார்.

"ஒரு சிலிண்டரே ஒன்றரை மணி நேரம் தாங்கும்ணே. நான் ஒண்ணேகால் மணியில கொண்டுபோய் விட்டுடுவேன். குடியா போகப்போறோம், இவ்வளவு சாமான்?" என்றார் டிரைவர்.

"ரெண்டு மணி நேரம்னு வெச்சுக்கோ தம்பி."

"உங்க கணக்குப்படி பாத்தா நான் ஓட்டுறது மாட்டு வண்டி."

பாலத்தின் மேல் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. சிலிண்டர் விஷயத்தில் டிரைவர் சொன்னதே சரி. ஒன்றரை மணி நேரத்தில் முள் அடியில் படுத்துவிட்டது. அப்போதும் நாங்கள் பாலத்தில்தான் இருந்தோம். பத்துக்காரர் குழாயை அடுத்ததில் மாட்டினார். அந்த அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் ஆண்டவனைக் கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு.

அந்த அம்மா பிழைக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் மகள் எங்களைப் பார்க்க வந்தாள்.

"நீங்க சேத்துவிட்ட பிறகு அம்மா நாலு நாள் இருந்தாங்கண்ணா. கடைசி நாள் முழுக்க என் கையை விடவே இல்ல."

பத்துக்காரர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"நாங்க கொண்டுவந்து விட்டது காலையில ஒம்பது மணி. முடிஞ்சது எப்பம்மா?"

"மத்தியானம் மூணு அடிச்சு அஞ்சு நிமிஷம்."

"அப்போ நாலு நாளும் ஆறு மணி நேரமும் அஞ்சு நிமிஷமும். அப்படியே சொல்லும்மா. அதுல எதையும் குறைச்சிடாத."